மூன்று எழுத்துச் சட்டை

ஸ்காபரோ
கனடா
ஞாயிறு காலை

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்றிரவு போனில் நீ கதைத்ததைவிட அழுததுதான் அதிகம். நான் சொல்ல வந்ததெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ இடையில் குறுக்கிட மாட்டாய் என்பதும் ஒரு வசதி. தமிழில் இருக்கிறதே என்று முகத்தைச் சுளிக்காதே. பனிக்குள்ளும் சனிக்கிழமை தவறாமல் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது இதற்குத்தான்.

நீ அனுப்பிய வீடியோவை அப்பாவும் நானும் பார்த்தோம். பின் இருக்கையில் உங்கட சொரோரிட்டிப் பிள்ளை, அதுதான் நீ சேர்ந்திருக்கிற மாணவிகள் சங்கத்துப் பிள்ளை. முன்னால் வாடகைக் கார் ஓட்டுகிறவரின் பின்தலை மட்டும் தெரிகிறது. அவர் சீட் பெல்ட் போடச் சொல்கிறார். அவள் அதை அவருடைய உச்சரிப்பிலேயே இழுத்து இழுத்துத் திருப்பிச் சொல்கிறாள். பிறகு போனில் அவருடைய பெயரைப் பார்த்து அதை நாலு விதமாகச் சொல்லிக் காட்டுகிறாள். அதற்குப் பிறகு சொன்னதை நான் எழுத மாட்டேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் காரை ஓரங்கட்டுகிறார். அப்பா அந்த இடத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்வரை இரவு டாக்சி ஓட்டின மனிதர் அவர். பின் இருக்கையில் இருந்து வரும் பேச்சுகளைப் பற்றி வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தப் பிள்ளையின் முகம் இருட்டில் சரியாகத் தெரியவில்லை. சட்டையில் இருக்கிற, உங்கட சங்கத்தின் பெயரான மூன்று கிரேக்க எழுத்துத்தான் பளிச்சென்று தெரிகிறது. அதே சட்டை உன்னிடமும் இருக்கிறது. அதைக் கழற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன் என்றாய். வகுப்பில் பக்கத்தில் இருக்கிற பிள்ளை கதைக்கவில்லை, சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிற அன்ரி முகம் பார்க்கவில்லை, உங்கட சங்க வீட்டு வாசலில் யாரோ ஏதோ எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். “நாங்கள் எண்பது பேர் அம்மா. ஒருத்தி செய்ததற்கு எண்பது பேரும் என்ன செய்வது? விட்டுவிட்டு வரட்டுமா?” என்று கேட்டாய்.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது நியாயம்தான்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே நான் இரவில் உளவியல் பாடம் எடுத்தேனே, அப்போது படித்த ஒரு பரிசோதனை இன்னும் மறக்கவில்லை. டேவிட் ஹாமில்டன், ராபர்ட் கிஃபோர்ட் என்ற இருவர் 1976இல் வெளியிட்டது. இரண்டு குழுக்கள். பெயர் கிடையாது, ‘அ’, ‘ஆ’ என்றுதான். அந்தக் குழுக்களில் இருக்கிறவர்கள் செய்த காரியங்களை ஒவ்வொரு வாக்கியமாகக் காட்டினார்கள். ‘அ’ குழுவைப் பற்றி 26 வாக்கியம்: 18 நல்ல காரியம், 8 கெட்டது. ‘ஆ’ சின்னக் குழு, 13 வாக்கியம்தான்: 9 நல்லது, 4 கெட்டது. வகுத்துப் பார், இரண்டிலும் விகிதம் ஒன்றுதான். ஆனால் எதை யார் செய்தார்கள் என்று பிறகு கேட்டபோது, கெட்ட காரியங்களில் உள்ளதைவிடக் கூடுதலாக எடுத்து ‘ஆ’வின் தலையில் கட்டினார்கள். சின்னக் கூட்டம் அரிது என்பதால் கண்ணில் படும். கெட்ட செயலும் அரிது என்பதால் கண்ணில் படும். இரண்டும் சேர்ந்து வந்தால் மனதில் அப்படியே பதிந்துவிடும். இதற்கு யாரும் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை.

1980இல் பிரின்ஸ்டனிலும் ரட்கர்ஸிலும் செய்த இன்னொன்று. ஒரு மாணவன் ஒரு சின்ன விஷயத்தில் எதைத் தெரிவுசெய்கிறான் என்று வீடியோவில் காட்டினார்கள். அவன் மற்றப் பல்கலைக்கழகத்துக்காரன் என்றால், அங்கே இருக்கிற மற்றவர்களும் அதையேதான் செய்வார்கள் என்று பார்த்தவர்கள் சுலபமாக நினைத்தார்கள். தங்கட பல்கலைக்கழகத்துக்காரன் என்றால் அவ்வளவு சுலபமாக நினைக்கவில்லை. எங்கட ஆட்கள் ஆளுக்கொரு விதம், மற்ற ஆட்கள் எல்லாரும் ஒரு விதம். உன்னைப் பார்க்காமல் போன அந்தச் சாப்பாட்டுக்கூடத்து அன்ரிக்கு எண்பது பேரையும் தெரியாது. அவவுக்குத் தெரிந்தது அந்தச் சட்டை.

உங்கட சட்டைக்கென்று ஒரு விதி இருக்கிறது என்று நீதான் சொன்னாய்: எழுத்துப் போட்ட உடுப்போடு மது குடிக்கக் கூடாது. அந்த விதியைப் போட்டவர்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. சட்டை இல்லாமல் தள்ளாடினால் யாரோ ஒரு பிள்ளை. சட்டையோடு தள்ளாடினால் சொரோரிட்டிப் பிள்ளை. இதில் அநியாயம் என்னவென்றால், நீ செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறபோது உன் மேலே இருப்பது குளிருக்கான தடித்த ஜாக்கெட். அந்த எழுத்தை யாரும் பார்க்கிறதில்லை.

டெல்டா காமாவை எடுத்துக்கொள். 2013 ஏப்ரலில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் அந்தச் சொரோரிட்டியைச் சேர்ந்த ஒரு பிள்ளை தன் சங்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். ஒரு கொண்டாட்ட வாரத்தில் ஆண்கள் சங்கப் பெடியளோடு நீங்கள் ஒழுங்காகப் பழகவில்லை என்று, வரிக்கு வரி தூஷணத்தோடு. அது வெளியே கசிந்தது. நடிகர்கள் அதை நடித்து வாசித்து வீடியோ போட்டார்கள். உலகம் முழுக்கச் சிரித்தது. சொரோரிட்டிப் பெண் என்றால் இதுதான் என்று லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரு குரல் கிடைத்துவிட்டது. அந்தப் பிள்ளை விலகினாள், தலைமையகம் ஏற்றுக்கொண்டது. அவளுடைய பெயரை நான் எழுதவில்லை. தேடினால் இன்றைக்கும் அதுதான் முதலில் வரும், பாவம்.

அதே டெல்டா காமாவில் ரூத் பில்லோ என்று ஒருத்தி இருந்தாள். ஒஹாயோவில் ஆக்ரன் பல்கலைக்கழகக் கிளையைச் சேர்ந்தவள். கண் தெரியாதவள். 1936இல் அவர்களுடைய மாநாட்டில் அவள் எழுந்து, பார்வையற்றோருக்கான பணியை நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். அன்றிலிருந்து பார்வைக்கான சேவைதான் டெல்டா காமாவின் பணி. தொண்ணூறு வருடமாக நடக்கிறது. அவளும் ஒருத்திதான். மின்னஞ்சல் அனுப்பினவளைத் தெரிந்தவர்களில் ரூத் பில்லோவைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கெட்டது ஓடுகிற வேகத்தில் நல்லது ஓடுவதில்லை என்பதை நீ இந்த வாரம் படித்திருக்கிறாய். ஆனால் அந்த வேகம் குறைந்த பிறகும் மிஞ்சி நிற்பது எது என்று பார்.

உங்கட கூட்டங்கள் தொடங்கின கதையிலேயே இது இருக்கிறது. நீ சேரப்போகிறேன் என்று சொன்னபோது அப்பா பயந்தார். படங்களில் பார்த்ததெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது. சேருவதென்றால் 1998இல் டெக்சஸில் ஹூஸ்டனிலும் ஒஸ்டினிலும் தெற்காசியப் பிள்ளைகள் தொடங்கினவை இருக்கின்றனவே, அப்படி ஒன்றில் சேரச் சொல்லு என்றார். உங்கட கம்பஸில் அது இல்லை. நான் பயப்படவில்லை, வாசித்துப் பார்த்தேன். இண்டியானாவில் இன்றைக்கு டிபோ என்று அழைக்கப்படுகிற கல்லூரி 1867இல்தான் பெண்களைச் சேர்த்தது. கைவிரலில் எண்ணக்கூடிய சில பேர். வகுப்பில் ஒருத்தி பதில் தெரியாமல் நின்றால் ‘இவளுக்குத் தெரியவில்லை’ என்று அல்ல, ‘பெண்களுக்குப் படிப்பு ஏறாது’ என்று சொல்லுகிற காலம். பெட்டி லொக் என்ற மாணவிக்கு ஒரு ஆண்கள் சங்கம் தங்கட சின்னத்தை அணியத் தரலாம் என்றது, உறுப்பினராக்க முடியாது என்றது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1870 ஜனவரியில் வேறு மூன்று பேரோடு காப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினாள். ஒருத்தியைப் பார்த்து எல்லாரையும் அளக்கிற கண்களுக்கு நடுவில் தனியாக நிற்க முடியாமல் சேர்ந்து நின்றவர்கள் அவர்கள். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு சேர்ந்து நிற்பதால் அதே அளவுகோல் உன் மேல் விழுகிறது. எனக்கு இதில் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. மன்னித்துக்கொள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெருமை வரும்போது நாங்கள் இந்தக் கணக்கைப் பற்றி வாய் திறப்பதில்லை. கமலா ஹாரிஸ் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவ. 1908இல் அதே ஹவார்டில் தொடங்கின, கறுப்பினப் பெண்களின் முதல் சொரோரிட்டி அது. அவ துணை ஜனாதிபதியாகப் பதவியேற்ற அன்று நாடு முழுக்க இளஞ்சிவப்பும் பச்சையும் உடுத்திக்கொண்டு அந்தச் சகோதரிகள் கொண்டாடினார்கள். மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்தார்கள், பாட்டனார் ஊர் என்று. எங்கட வீட்டில்கூட அப்பா ‘எங்கட பிள்ளை’ என்றார். தாய் சென்னையில் பிறந்தவ என்பதைத் தவிர அவவுக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் என்ன உறவு என்று நான் கேட்கவில்லை. 1976இல் ரொபர்ட் சியால்டினியும் சில பேரும் ஏழு பல்கலைக்கழகங்களில் பார்த்த விஷயம் இது: சனிக்கிழமை கால்பந்தில் தங்கட அணி வென்றால், திங்கட்கிழமை பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டையோடு வருகிறவர்கள் கூடினார்கள். வென்றால் ‘நாங்கள் வென்றோம்’, தோற்றால் ‘அவர்கள் தோற்றார்கள்’. உன் பெட்டிக்கு அடியில் கிடக்கிற சட்டை அந்தத் திங்கட்கிழமைச் சட்டைதான். நீ அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்து எங்களுக்கு அனுப்பின நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அந்த மூன்று எழுத்தின் நல்ல பெயரை, நீ சம்பாதிக்காததையும் சேர்த்துத்தானே போட்டுக்கொண்டாய்?

அப்பா எல்லாவற்றுக்கும் ஒரு பழமொழி வைத்திருப்பார். நேற்று இரவு சொன்னது, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். நான் சொன்னேன், சோறு ஒரே உலையில் வெந்தது, அதனால் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் போதும்; இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு வீட்டில் இருந்து வந்தவர்கள். சொல்லிவிட்டேனே தவிர, படுத்த பிறகு நித்திரை வரவில்லை. சில இடங்களில் உலை ஒன்றுதான், பிள்ளை. அதைப் பற்றித்தான் உன்னோடு கதைக்க வேண்டும்.

2015 மார்ச்சில் ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்தில் சிக்மா ஆல்ஃபா எப்சிலன் என்ற ஆண்கள் சங்கத்துப் பெடியள் ஒரு பேருந்தில் போகும்போது பாடின பாட்டின் வீடியோ வெளியே வந்தது. கறுப்பினத்தவரை ஒருநாளும் சேர்க்க மாட்டோம் என்று, மரத்தில் தூக்குவதைப் பற்றியும் சொல்லி, கைதட்டிக்கொண்டு பாடினார்கள். உடனே அந்தக் கிளை மூடப்பட்டது. பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் வீட்டை விட்டு எல்லாரையும் வெளியேறச் சொன்னார். பாட்டைத் தொடக்கி வைத்ததாக இரண்டு பேர் நீக்கப்பட்டார்கள். இரண்டு கெட்ட பெடியள், கதை முடிந்தது என்று விட்டிருக்கலாம். விசாரித்துப் பார்த்தபோது, நாலு வருடத்துக்கு முன் அந்தச் சங்கத்தின் தேசிய அளவிலான தலைமைத்துவப் பயிற்சிக் கப்பல் பயணம் ஒன்றில் அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகு அது கிளைக்குள் வருடா வருடம் புதுப் பெடியளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பேருந்தில் இருந்தவர்களுக்கு வரி தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு முக்கியம். ஒருவன் பாடத் தொடங்கினதும் மற்றவர்களுக்கு வரி தெரிந்திருந்தது.

இப்போது உங்கட வீடியோவைத் திரும்பப் பார். அவள் ஒருத்தியா பேசினாள்? போனைப் பிடித்தது யார்? சிரிப்புச் சத்தம் எத்தனை பேருடையது? நான் கேட்டவரைக்கும் மூன்று பேர். ‘போதும், விடு’ என்று ஒரு குரலும் இல்லை. நத்தாருக்கு நீ வீட்டுக்கு வந்தபோது, உங்கட வீட்டில் ஒருத்தி யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவாள், சமையல்காரர், துப்புரவு செய்கிறவர், கொரியப் பேராசிரியர் என்று ஒருவரையும் விடமாட்டாள், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம் என்று சொன்னாய். அவள்தானா இவள்? நான் குற்றம் பிடிக்கக் கேட்கவில்லை. பதிலை எனக்குச் சொல்லவும் வேண்டாம். ஆனால் அவள்தான் என்றால், ‘எண்பது பேரில் ஒருத்தி’ என்று நீ சொல்கிற கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கட ஆட்களுக்கு இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். நாங்கள் அப்போது திருச்சியில் வாடகைக்கு இருந்தோம். குண்டைக் கட்டிக்கொண்டு போனவள் ஈழத்துப் பெண். கொஞ்ச நாளில் வீட்டுக்காரர் வந்து காலி செய்யச் சொன்னார். நல்ல மனிதர், அம்மம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் தானே போய் மருந்து வாங்கி வருவார். “உங்களைத் தெரியும்மா. உங்க ஆளுங்களைத்தான் தெரியாது” என்றார். எங்களுக்கும் அந்தப் பெண்ணைத் தெரியாது. அதைச் சொல்லிப் பிரயோசனம் இருக்கவில்லை. 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் 492 தமிழ் அகதிகளோடு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோதும் அதே கதைதான். கப்பலில் பயங்கரவாதிகள் இருக்கலாம் என்று அரசாங்கம் பேசியது, பிள்ளைகளோடு வந்த தாய்மாரும் தடுப்பில் இருந்தார்கள். வேலையில் என்னிடம் ஒருத்தி, “உன் ஆட்கள் வந்திருக்கிறார்களாமே” என்று கேட்டாள். இதெல்லாம் நீ இப்போது அழுகிற அழுகையைவிடப் பெரியது என்று ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் ஒருவர் முகம் பார்க்காததும் வீட்டைக் காலி செய்வதும் ஒன்றல்ல என்பது உனக்கே தெரியும்.

ஆனால் ஸ்காபரோக் கதை வேறு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இங்கே தமிழ்ப் பெடியள் கோஷ்டி கட்டி அடிபட்டார்கள், சுடுபட்டார்கள். பத்திரிகையில் ‘தமிழ்’ என்ற சொல் வந்தாலே பக்கத்தில் ‘கோஷ்டி’ இருக்கும். மாமாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பகலில் படிப்பு, இரவில் தொழிற்சாலை. அவன் இரண்டு சிநேகிதரோடு ஒரு கடைக்குள் போனால் காவலாளி பின்னாலேயே வருவான். எங்கட பெரியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘நாலு காவாலிகள் செய்கிறதுக்கு எங்கட பெயர் கெடுகிறது.’ கல்யாண வீட்டில், கோயிலில், எங்கும் இதே பேச்சு. அந்த நாலு பேர் யாருடைய பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் யாருக்கு அடி வாங்கிப் பிறகு அடிக்கத் தொடங்கினார்கள், தாய் தகப்பன் இரண்டு வேலைக்குப் போன வீட்டில் பின்னேரம் அவர்களை யார் பார்த்தார்கள் என்று கேட்க ஒருவருக்கும் மனமில்லை. அவர்களை எங்கட கணக்கில் இருந்து வெட்டிவிட்டால் நாங்கள் சுத்தம் என்று நினைத்தார்கள். பெயர் சுத்தமாகவில்லை. பெடியள் தொடர்ந்து செத்தார்கள்.

1998இல் சில இளம் பிள்ளைகள், அன்றைக்கு உன் வயதுதான் இருக்கும், கனேடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ‘இவர்கள் எங்கட பெடியள் அல்ல’ என்று அவர்கள் அறிக்கை விடவில்லை. எங்கட பெடியள்தான், அதனால் நாங்கள்தான் பார்க்க வேண்டும் என்று நின்றார்கள். பின்னேரங்களில் படிப்புக்கு உதவி, சண்டைக்குள் போன பிள்ளைகளோடு உட்கார்ந்து கதைப்பது, பள்ளிக்கூடங்களுக்குப் போவது. மாமாவும் கொஞ்சக் காலம் அங்கே போய்க் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். நீ செவ்வாய்க்கிழமை செய்கிறது எங்கே இருந்து வந்ததென்று நினைத்தாய்?

அதனால் உன் கேள்விக்கு வருகிறேன்: விட்டுவிட்டு வரட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். இன்றைக்கு நீ விலகினால் உன் பெயர் மட்டும் வெளியே வரும். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க ஒரு ஆள் குறையும். 2013 செப்ரெம்பரில் அலபாமாப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை வாசித்துப் பார். நல்ல புள்ளி, நல்ல குடும்பம் உள்ள ஒரு கறுப்பினப் பிள்ளையை ஒரு வெள்ளைச் சொரோரிட்டியும் எடுக்கவில்லை. உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு விருப்பம் இருந்தும் பழைய உறுப்பினர்கள் தடுத்தார்கள். மாணவர் பத்திரிகையான கிரிம்சன் வைட் அதை எழுதினது. எப்படித் தெரிய வந்தது? உள்ளே இருந்த பிள்ளைகள் சிலர் வாய் திறந்தார்கள். தங்கட பெயரையே கொடுத்துச் சொன்னவர்களும் உண்டு. ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள். தலைவர் ஜூடி பொனர் சேர்க்கையைத் திரும்பத் திறக்கச் சொன்னா. சில கறுப்பினப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். கறுப்பின மாணவர்களை உள்ளே விடமாட்டேன் என்று ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ் அந்தப் பல்கலைக்கழக வாசலில் நின்று ஐம்பது வருடம் ஆகியிருந்தது. விலகிப் போனவர்களால் அது நடந்திருக்காது. உள்ளே இருந்தவர்களுக்குத்தான் எந்தக் கதவு யாரால் பூட்டப்பட்டது என்று தெரியும்.

இணையத்தில் போய் ‘நாங்கள் எல்லாரும் அப்படியில்லை’ என்று எழுதாதே. அதை நம்பவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 2015இல் அரிசோனாவில் ஆல்ஃபா கை ஒமேகாப் பிள்ளைகள் பேஸ்போல் பார்க்கப் போன கதையைக் கேள்விப்பட்டிருப்பாய். ஆட்டத்தின் நடுவில் போனைத் தூக்கித் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரசிகர்கள் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டது அதே ஒளிபரப்புத்தான். வர்ணனையாளர்கள் இரண்டு பேர் விடாமல் நக்கலடித்தார்கள், வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது, மூளை இல்லாத சொரோரிட்டிப் பெண்கள் என்று. அணியும் தொலைக்காட்சியும் இன்னொரு ஆட்டத்துக்கு இலவச ரிக்கற் தர வந்தபோது, எங்களுக்கு வேண்டாம், குடும்ப வன்முறையில் இருந்து தப்பி வந்தவர்களுக்கு உதவுகிற நிறுவனத்தில் இருக்கிற குடும்பங்களுக்குக் கொடுங்கள் என்றார்கள். அந்தச் சொரோரிட்டி வருடக்கணக்காகச் செய்கிற வேலை அது. தங்களைப் பற்றி ஒரு வரி வாதாடவில்லை. நான் அந்தப் பிள்ளைகளை மெச்சுகிறேன். ஆனால் கவனி: அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. உங்கட வீட்டில் பிழை நடந்திருக்கிறது. அதனால் நன்கொடை கொடுத்துப் படம் எடுத்துப் போடுகிற வேலைக்கு யாராவது யோசனை சொன்னால் நீ ஒத்துக்கொள்ளாதே.

தலைவி ஒருவரோடும் கதைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள் என்றாய். பத்திரிகைக்குத் தலைமையகம்தான் பேசும் என்றால் சரி, அது அவர்களுடைய ஒழுங்கு. வீட்டுக்குள் கேட்கிறதை அது தடுக்காது. அடுத்த கூட்டத்தில் எழுந்து மூன்று விஷயம் கேள். காரில் மற்ற இரண்டு பேர் யார், அவர்களையும் ஒழுங்குக் குழு கூப்பிடுகிறதா? அந்தப் பேச்சை வீட்டில் எத்தனை பேர் முன்பே கேட்டுச் சிரித்திருக்கிறோம்? அந்த ஓட்டுநரிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா, பொதுமக்களுக்கு அறிக்கை விடுவதை அல்ல, அவரிடம்? இரண்டாவது கேள்வியில் உன் கையையும் நீ தூக்க வேண்டி வரும். தூக்கு. அவளை வீட்டை விட்டு அனுப்பிவிட்டுக் கதையை முடிக்கப் பார்ப்பார்கள். அனுப்பட்டும், அது அவள் தேடிக்கொண்டது. கேள்வியை அவளோடு சேர்த்து அனுப்ப விடாதே.

கேட்ட பிறகும் எல்லாரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தால், அப்பாவின் பழமொழிதான் சரி என்று ஆகிவிடும். அப்போது விட்டுவிட்டு வா. நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். கட்டின காசைப் பற்றி அப்பா கொஞ்சம் முணுமுணுப்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்கூடத்து அன்ரியிடம் விளக்கம் சொல்லப் போகாதே. அவவை எண்பது பேருக்கும் தீர்ப்புச் சொல்லுகிற நீதிபதியாக்க வேண்டாம், அவவுக்கு வேலை இருக்கிறது. வழக்கம்போல வணக்கம் சொல்லு. அவவின் பெயர் என்ன? நீ சொன்ன கதைகளில் ஒருநாளும் அவவின் பெயர் வந்ததில்லை.

பொதி ஒன்று வெள்ளிக்கிழமை போட்டிருக்கிறேன். பருத்தித்துறை வடை இருக்கிறது, மிளகாய்த்தூள் இரண்டு பையில் கட்டியிருக்கிறது. உன் அறைத் தோழிக்கு உறைப்புக் குறைந்ததைக் கொடு.

அப்பா பக்கத்தில் நின்று ஒன்று எழுதச் சொல்கிறார். பயணம் முடியாமல் நடு வழியில் இறக்கிவிட்டால் சில நேரம் ஓட்டுநருக்குக் காசு வெட்டுவார்களாம். பயணிகள் முறைப்பாடு செய்தால் அவருடைய கணக்கையே நிறுத்தி வைப்பார்களாம். அந்தப் பிள்ளைகள் அன்றிரவு முறைப்பாடு ஏதும் போட்டார்களா, அந்த மனிதர் இப்போது ஓட்டுகிறாரா என்று விசாரித்துச் சொல்லட்டாம்.

அன்புடன்,
அம்மா